திறந்த வலைக்கு முன் காத்திருந்தவன்

பனிமேல் நடந்த வழக்கு இது. தீர்ப்பு உங்களுடையது என்பதால் கண்டதைக் கண்டபடியே சொல்கிறேன்.

கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடும் இளம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு நாள் வரும். இளையோர் கழகங்கள் முறைவைத்து ஒவ்வொரு பெயராக அழைத்துத் தங்கள் அணிக்கு எடுத்துக்கொள்ளும். அதை டிராஃப்ட் என்பார்கள். அன்று பெயர் அழைக்கப்படாத பிள்ளைக்குப் பெரிய ஆட்டத்தின் கதவு பெரும்பாலும் அங்கேயே சாத்திக்கொள்ளும்.

வடக்கே ஏரிக்கரை ஊர் ஒன்றின் கழகத்துக்கு அந்த ஆண்டு ஒரேயொரு முன்கள ஆட்டக்காரன் தேவைப்பட்டான். அவர்கள் கண்ணில் இருவர் பட்டிருந்தார்கள். இருவரும் ஒரே அணிக்காரர்கள். ஒருவன் லீயம். காற்றாய்ச் சறுக்குவான், கோல் போடுவான். மற்றவன் சேந்தன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்கார்பரோவில் குடியேறிய தவநேசனின் மகன். ஒல்லியான உடம்பு, வேகமும் மட்டு. பந்துக்குப் பதிலாகப் பனிமேல் ஓடும் ரப்பர் வட்டை அவன் அடித்தால் அதில் வலு இருக்காது. ஆனால் லீயம் போட்ட கோல்களில் பெரும்பாலானவை சேந்தனின் மட்டையிலிருந்து புறப்பட்டவை.

இருவரையும் எடைபோடக் கழகம் மூன்று பேரை அனுப்பியது. பெர்னார் முன்னாள் பயிற்சியாளர். டானா புள்ளிவிவரங்களை வைத்து ஆட்டக்காரர்களை அளப்பவள். ஆரணி தமிழ்ப் பெண்; முழங்கால் முறியும்வரை தானும் ஆடியவள்.

ஆட்டம் தொடங்கியது. சேந்தன் ஆளில்லாத இடங்களுக்கு வட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். அங்கெல்லாம் லீயம் பாய்ந்து வந்தான். இரண்டு கோல்கள் விழுந்தன. அதன்பின் லீயமின் கணுக்கால் பிசகியது. அவனைத் தாங்கிக்கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அவன் இடத்துக்கு ஓவன் இறங்கினான். பெரிய உடம்புக்காரன், தடுத்தாடிப் பழகியவனே தவிர முன்னால் ஆடிப் பழகியவன் அல்ல. சேந்தன் வழக்கம்போல வெற்றிடத்துக்கு வட்டைத் தள்ளினான். ஓவன் போய்ச் சேர்வதற்குள் வட்டு பலகைச் சுவரில் மோதி எதிரணியிடம் போய்விட்டது. கூட்டம் சிரித்தது. ஓவனின் முகம் சிவந்துவிட்டது.

பெஞ்சுக்குத் திரும்பியதும் சேந்தன் அவன் தோளைத் தட்டினான். "பிழை என்னுடையது. நீ உன் வேகத்திலேயே வா."

எதிரணியும் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது. ஆட்டம் முடியப்போகும் நேரம். வட்டோடு சேந்தன் எல்லோரையும் கடந்துவிட்டான். கோல் காவலன் அவன் காலடியில் பாய்ந்து, ஏமாந்து, பனியில் நீட்டி விழுந்தான். விழுந்த நிலையிலும் தன் மட்டையைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தான். வலை திறந்து கிடந்தது. "அடி! அடி!" என்று அரங்கமே எழுந்து நின்றது.

சேந்தன் அடிக்கவில்லை. வட்டை மட்டையோடு அணைத்தபடி ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தான். எதிரணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பக்கத்திலிருந்து அவனை நோக்கிச் சீறி வந்தான். சேந்தன் அவனைப் பார்த்தான். பார்த்தும் விலகவில்லை.

"ஐயோ, அடிக்காமல் வச்சுக்கொண்டு நிக்கிறானே!" என்று மேலே பார்வையாளர் வரிசையில் தவநேசன் தலையில் கைவைத்தார்.

திரும்பிப் பாராமலே சேந்தன் வட்டைத் தனக்குப் பின்னால் மெல்லத் தள்ளிவிட்டான். அங்கே யாரும் இல்லை. அடுத்த கணம் தடுப்பாட்டக்காரன் மோதி அவனைப் பனியில் வீழ்த்தினான். யாருமில்லாத அந்த இடத்துக்கு வட்டு போய்ச்சேரவும் ஓவனின் மட்டை அங்கே வரவும் சரியாக இருந்தது. ஓவன் ஓங்கி அடித்தான். கோல்! அரங்கத்தின் கூரை அதிர்ந்தது.

மூவரும் தனியறையில் கூடினார்கள்.

"பயந்தவன்," என்றார் பெர்னார். "திறந்த வலைக்கு முன்னால் அடிக்கத் துணியாதவனைப் பெரிய ஆட்டம் விழுங்கிவிடும். இவன் வேண்டாம்."

"லீயமை எடுப்போம்," என்றாள் டானா. "கணுக்கால் ஆறிவிடும். சேந்தனின் பெருமையெல்லாம் லீயமின் வேகம்தான். ஓவனுக்குத் தள்ளியதில் ஒன்று தவறியது, ஒன்று சேர்ந்தது. அது தற்செயல்."

ஆரணி சொன்னாள்: "சேந்தனை எடுங்கள். இப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை."

மூவரும் பார்த்தது ஒரே ஆட்டம். கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: இவர்களில் யாருடைய கண் சரியாகக் கண்டது?

விடை: ஆரணியின் கண். பயந்தவன் வட்டைச் சட்டென்று கைவிடுவான். சேந்தனோ மோத வருபவனைப் பார்த்த பிறகும் வைத்திருந்தான். டானா தற்செயல் என்று தள்ளியதும் தற்செயல் அல்ல. தவறிய வட்டு லீயமின் வேகத்துக்கு அளந்தது. சேர்ந்த வட்டு ஓவனின் வேகத்துக்கு அளந்தது. அந்த ஒரு மூச்சுக் காத்திருப்பே அளவுகோல். ஒரே ஆட்டத்துக்குள் இன்னொருவனின் கால்களைத் தன் கைகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன். கழகம் சேந்தனின் பெயரையே அழைத்தது.

ஆனாலும் ஆரணிக்கு ஒன்று விளங்கவில்லை. டிராஃப்ட் முடிந்ததும் அவனிடமே கேட்டாள். "ஏன் தம்பி அண்டைக்கு அடிக்கேல்லை?"

"என்ர அடி மெதுவானது அக்கா. கோல் காவலன்ர மட்டை திரும்பி வந்துகொண்டிருந்தது. மறிச்சிருப்பான்."

"சரி. ஓவன் உனக்குப் பின்னால வாறான் எண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

"அவன் பாரமான ஆள். அவன் சறுக்கினால் பனி வேற மாதிரிக் கரகரக்கும். அது கேட்டது."

"அவ்வளவு கூச்சலுக்குள்ளயுமா?"

சேந்தன் வியப்போடு அவளைப் பார்த்தான். "ஓம் அக்கா. உங்களுக்குக் கேக்கேல்லையா?"