பள்ளத்தெருவில் விசேஷம்

மெயின் ரோட்டு சிக்னலுக்கு டிமிக்கி கொடுக்கிற வண்டியெல்லாம் பள்ளத்தெருவில் புகுந்து பறந்ததால், பிள்ளைகளால் வாசலைத் தாண்ட முடியவில்லை. தெருவே திரண்டு போக்குவரத்து அதிகாரி தணிகாசலத்திடம் போய் நின்றது. அவரே தினமும் அந்தக் குறுக்கு வழியில் ஆபீஸ் வருகிறவர்தான்.

"முணுமுணுக்காம சுத்திப் போற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. நாளைக்கே கம்பி நட்டுத் தெருவை அடைக்கிறேன்" என்றார் மிடுக்காக.

பந்தல் சாமான் வாடகைக்கு விடும் மரியபுஷ்பம், "சரிங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை தெருமுனையில் இரண்டு வாழைமரம் கட்டி, நடுரோட்டில் வரிசையாக சேர் போட்டாள். வந்தவர்களெல்லாம் கல்யாணம் என்று நினைத்து, ஹாரன்கூட அடிக்காமல் வண்டியைத் திருப்பினார்கள். மத்தியானம் அதிகாரியைப் பார்க்கப் போனாள்.

"இன்னைக்கு எந்த வழியா வந்தீங்கய்யா?"

"உங்க தெருவில ஏதோ விசேஷம் போல. மெயின் ரோட்டுல சுத்தி வந்தேன்."

"சிரமமா இருந்துதுங்களா?"

"விசேஷ வீடுன்னா சுத்தித்தானேம்மா போகணும். இதுல என்ன சிரமம்?"

"விசேஷம் ஒண்ணுமில்லீங்கய்யா. நீங்க கேட்ட ஆளைத்தான் காட்டிட்டேன்."

தணிகாசலம் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்துவிட்டார்.

கம்பி நட்ட அன்று அதே சேரில் அவரை உட்காரவைத்துப் பாயசம் ஊற்றினாள் மரியபுஷ்பம். "இன்னைக்கு நெசமாவே விசேஷந்தாங்கய்யா" என்றாள்.