பழியைத் தேடிப் படகேறியவர்கள்

சொரிமணலில் மூளை இல்லாதவர் என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் இருக்கிறது. உப்புக்காற்று பட்டால் துருப்பிடித்துவிடும் என்று யாரும் வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்க் கால்பந்து அணி, இந்த வருஷம் கடற்கரை ஊர்களுக்கிடையே நடந்த போட்டிகளில் ஓர் ஆட்டம் பாக்கியில்லாமல் தோற்றது. தோற்பது ஒரு குற்றமா? இல்லை. ஆனால் இவர்கள் தோற்ற விதத்தைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அணிக்குப் பயிற்சி கொடுத்தவள் ஹில்டா. நாகர்கோவிலில் உடற்கல்வி படிக்கிற பெண். ஒரு பெண் வந்து ஆண்களுக்குப் பந்து சொல்லிக் கொடுப்பதா என்று சொரிமணலில் ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அது மட்டுமா, அவள் சொன்ன சொல் ஒன்றையும் அவர்கள் மீறியதே கிடையாது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் ஆட்டத்துக்கு முன் ஹில்டா, "எது வேணும்னாலும் நடக்கட்டும், கோட்டை மட்டும் விட்டுராதீங்க" என்றாள்.

பின்வரிசையில் ஆடும் ததேயு, வயதில் மூத்தவர், பொறுப்பானவர். மைதானத்தில் நல்லதாக ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் ஏறி நின்றார். எதிரணிக்காரர்கள் இடப்பக்கம் போனார்கள், வலப்பக்கம் போனார்கள். ஒருவன் அவர் கால்களுக்கு நடுவே பந்தை விட்டுக்கொண்டு போனான். ததேயு அசையவில்லை. ஆட்டம் முடிந்து வந்து, "ஹில்டா பிள்ளே, ஒரு இஞ்சுகூட கோட்டை விடல, பாத்தியா?" என்றார், சுண்ணாம்பு ஒட்டிய உள்ளங்காலைத் தூக்கிக் காட்டி.

அடுத்த ஆட்டத்துக்கு, "ஒருத்தன் ஆபத்துல இருந்தா இன்னொருத்தன் கை கொடுக்கணும்" என்றாள். கோலுக்குப் போன பந்துக்கெல்லாம் கை கொடுத்தார்கள். நடுவர் பெனால்ட்டி கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனார்.

முத்தன்துறை அணியோடு ஆடும்போது, "அந்த பெர்க்மான்ஸ் ஆபத்தான ஆளு, அவன மார்க் பண்ணுங்கலே" என்றாள். முன்வரிசை ஆட்டக்காரன் சிலுவை, படகுக்கு அடிக்கிற நீலப் பெயிண்டை டப்பாவோடு கொண்டுவந்து, பெர்க்மான்ஸ் முதுகில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"இனி எங்க போனாலும் கண்டுபுடிச்சிரலாம் அக்கா."

கோல்கீப்பர் பிலவேந்திரன் கதை இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். "பந்து கைக்கு வந்தா விடாதே" என்று அவனிடம் சொல்லியிருந்தாள். பந்து வந்தது. கட்டிப் பிடித்தான். நடுவர் விசிலடித்தார், மிரட்டினார், கடைசியில் கெஞ்சினார். பிலவேந்திரன் பந்தோடு வேனில் ஏறி ஊர் வந்து சேர்ந்தான். இரண்டு கையும் பந்தில் இருந்ததால் அவன் அம்மாதான் கஞ்சி ஊட்டினாள். மறுநாள் காலையில் ஹில்டா வந்து, "லேய், விடுலே!" என்று கத்திய பிறகே விட்டான். ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஆனா கோல் வாங்கலல்லா?" என்றான் பிலவேந்திரன், பெருமையாக.

கடைசி ஆட்டம், மறுபடியும் முத்தன்துறையோடு, அவர்கள் ஊரிலேயே. ஹில்டா நொந்துபோய், "ஒரு கோல், ஒரே ஒரு கோல் போட்டுட்டு வாங்கடா, புண்ணியமாப் போகும்" என்றாள். சிலுவை சுற்றிலும் பார்த்தான். எந்தக் கோல் பக்கத்தில் இருந்ததோ அதில் போட்டான். பிலவேந்திரன் கைதட்டினான்.

இந்த நிலையில்தான் ஒருநாள் காலையில் கால்பந்துச் சங்கத் தலைவர் லெபோன், வலை போட்டு வைக்கும் கொட்டகையில் கூட்டத்தைக் கூட்டினார். சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். ஆகையால் அவர் பேச்சுக்கு எடை அதிகம்.

"இவ்வளவு பெரிய தோல்வி தானா வராது. யாரோ காரணம். இன்னைக்கு பழிய ஒருத்தர் தலையில போட்டே ஆகணும். யார் தலையில விழுதோ, அவங்க நாளையில இருந்து சங்கத்துல கிடையாது."

ஹில்டாவால் இப்போது சங்கத்தை விட்டுப் போக முடியாது. ஓர் ஆட்டமாவது ஜெயித்துக் காட்டாமல் சொரிமணலை விடமாட்டேன் என்று கல்லூரிச் சிநேகிதிகளிடம் சவால் விட்டிருந்தாள். அதற்கு இன்னும் ஒரு வருஷம் அவளுக்கு வேண்டும்.

லெபோன் விசாரணையைத் தொடங்கினார். "மொதல்ல கோட்டை விட்டது யாரு?"

"நான் விடல" என்றார் ததேயு. "வேணும்னா ஒண்ணு சொல்லுதேன். ரெண்டாவது ஆட்டத்துல மழை பெஞ்சு கோடு அழிஞ்சுபோச்சு. நான் நின்ன எடத்துலதான் நின்னேன். கோடுதான் என்னை விட்டுட்டுப் போச்சு."

எல்லோரும் கோட்டின் நன்றிகெட்டதனத்தை நினைத்து உச்சுக்கொட்டினார்கள்.

"சரி. நம்ம அணி மண்ணைக் கவ்விருச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்" என்றார் லெபோன். "கவ்வினது யாரு? வாயைத் தொறங்க."

வரிசையாக வாயைத் திறந்தார்கள். லெபோன் டார்ச் அடித்துப் பார்த்தார். பிலவேந்திரன் வாயில் மண். ததேயு வாயில் மண். சிலுவை வாயில் மண்ணும் ஒரு சிப்பியும். சந்தேகம் வந்து லெபோன் தன் வாயில் விரல் விட்டுப் பார்த்தார். மண். கடற்கரை ஊர், காற்றடிக்கிற மாசம், வாயில் மண் இல்லாமல் கற்கண்டா இருக்கும்?

ஹில்டா வாயில் மட்டும் மண் இல்லை. வரும்போது முகம் கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு வந்திருந்தாள்.

கொட்டகை திகைத்துப்போனது.

"ஊரே மண்ணைக் கவ்வும்போது நீ மட்டும் எங்க மக்களே போனே?" என்றார் லெபோன், மெதுவாக.

"லெபோன் மாமா, இது என்ன நியாயம்? மண்ணைக் கவ்வினவங்கதானே தோத்தவங்க? கவ்வாத எனக்கு ஏன் பழி?"

"அக்கா, நீங்க சொன்னதத்தானே நாங்க செஞ்சோம்?" என்றான் சிலுவை. "சொன்னத செய்யாம விட்டிருந்தா எங்க தப்பு. செஞ்சுட்டோமே, பொறவு யார் தப்பு?"

ஹில்டா வாதாடினாள். பட்டிமன்றத்தில் கோப்பை வாங்கியவள் அவள். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினாள். உவமைக்கு மூன்று உதாரணம் கொடுத்தாள். எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்ததில், வாயில் இன்னும் கொஞ்சம் மண் போனது. வழக்கு அவளுக்கு எதிராக மேலும் வலுத்தது.

"பழிய ஹில்டா தலையில போடுறதா முடிவு" என்றார் லெபோன்.

ஹில்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போடுங்க! தாராளமாப் போடுங்க! எங்க இருக்கு பழி? எடுத்துட்டு வாங்க பாப்போம்!"

நியாயமான பேச்சு. எல்லோரும் எழுந்து பழியைத் தேடினார்கள்.

வலைகளை உதறினார்கள். ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ததேயு கோல் கம்பத்தின் அடியில் தோண்டினார். கம்பம் சாய்ந்ததே தவிரப் பழி கிடைக்கவில்லை.

"கடைசியா அத எங்க வச்சுப் பாத்தோம்?" என்று யோசித்தான் பிலவேந்திரன். "முத்தன்துறையில! அவங்க கோப்பைய எடுத்துட்டுப் போகும்போது, பழியையும் சேத்துச் சுருட்டியிருப்பாங்க!"

லெபோன் முகம் சிவந்தது. "கோப்பை அவங்க ஜெயிச்சது, வச்சுக்கட்டும். பழி நாம சம்பாதிச்சதுல்லா? வருஷம் பூரா ஒழைச்சுச் சம்பாதிச்ச பழி!"

அப்படியே படகேறினார்கள். ஹில்டா கரையில் நின்று, "லேய், அப்படி இல்லலே!" என்று கத்தியது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

முத்தன்துறையில் பெர்க்மான்ஸ் தன் வீட்டு முற்றத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். சட்டை போடவில்லை. முதுகில் நீலப் பெருக்கல் குறி இன்னும் அழியவில்லை.

"அன்னா இருக்கான்! மார்க் பண்ணது எவ்வளவு நல்லதாப் போச்சு!" என்றான் சிலுவை.

லெபோன் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க பழி எங்களுக்கு வேணும். மரியாதையாக் கொடுத்துரு தம்பி."

பெர்க்மான்ஸ் அவர்களைப் பார்த்தான். முதுகைச் சொறிந்தான். இவர்களோடு வாதம் செய்வதைவிடப் பெயிண்டைச் சுரண்டுவது சுலபம் என்று அனுபவத்தில் தெரிந்தவன். கிரைண்டர் வாங்கிய நாளிலிருந்து, கொல்லையில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போடச் சொல்லி அவன் அம்மா உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொல்லையில கெடக்கு, எடுத்துட்டுப் போங்க. பக்கத்துல குழவியும் இருக்கு, அதையும் விட்டுராதீங்க."

"ஆட்டத்துல வந்த பழி, ஆட்டுக்கல்லாத்தான் இருக்கும்" என்றார் ததேயு, தலையசைத்து. "தலையில போடுற சாமான் வேற. கனம் இல்லாம இருக்குமா?"

வெளியூர் போன சொரிமணல் அணி வெறுங்கையோடு திரும்பாதது அதுவே முதல் தடவை. ஊரே கரைக்கு வந்தது. வெடி போட்டார்கள். கொட்டு அடித்தார்கள். நால்வர் ஆளுக்கொரு சும்மாடு சுற்றி, பழியை நடுவில் தாங்கி, கொட்டகை வரைக்கும் ஊர்வலமாக வந்தார்கள். சின்னப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

கொட்டகையில் இறக்கி வைத்ததும் ஹில்டா கண்ணை மூடிக்கொண்டு, "சரி, போடுங்க" என்றாள்.

"எத?" என்றான் பிலவேந்திரன். "பழியவா? ஒங்களுக்கா? நல்லா இருக்கே! எத்தனை கோல் விட்டேன் நான்! எனக்குத்தான் அது."

"நான் கொஞ்சம் நகந்திருந்தா நீ விட்டதுல பாதி வந்தே இருக்காது, பாத்துக்க" என்றார் ததேயு.

"நம்ம கோல்லயே போட்டவன் நானு. எதிரணிக்காரன்கூட எனக்குக் கை கொடுத்தான்" என்றான் சிலுவை.

"வேன் புடிச்சுக் கொடுத்தது யாருவே?" என்று கர்ஜித்தார் லெபோன். "வேன் இல்லாட்டி நீங்க தோக்குற எடத்துக்கே போய்ச் சேந்திருப்பீங்களா?"

சண்டை முற்றியது. கடைசியில் லெபோன் தீர்ப்புச் சொன்னார். "பழி சங்கத்துச் சொத்து. சங்கத்துச் சொத்து வெளிய போகப்படாது. அதனால பழியில பங்கு உள்ளவங்க சங்கத்துல இருக்கணும். பங்கு இல்லாதவங்க வெளிய. ஆட்டுக்கல்லுக்கு நாலு பக்கம், நாங்க நாலு பேரு. ஹில்டா மக்களே, நீ ஒரு தப்பும் செய்யல. சந்தோஷமாப் போயிட்டு வா."

ஹில்டாவுக்கு எப்படி இருந்திருக்கும்? காலையில், பழி இல்லை என்று நிரூபிக்க முடியாததால் போகச் சொன்னார்கள். சாயங்காலம், பழி இல்லை என்பதால் போகச் சொல்கிறார்கள்.

"அதெப்படி!" என்று பாய்ந்தாள். "சொன்னது யாரு? நான்! கோட்டை விடாதேன்னது நான், கை கொடுன்னது நான், பந்தை விடாதேன்னது நான்! நீங்க சொன்னதச் செஞ்சவங்க, வெறும் கருவி. மூலகாரணம் நான்! பொம்பளைன்னா பழியிலகூடப் பங்கு கிடையாதா? பாதியாவது கொடுங்க!"

காலையில் அவர்கள் சொன்ன வாதம்தான். இவள் சொன்னபோது இன்னும் நன்றாக இருந்தது. லெபோன் அசந்துபோனார். யோசித்து, குழவியை எடுத்து அவளிடம் நீட்டினார். ஹில்டா அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு வருஷம்!

அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டது. "சரிப்பா, போனது போகட்டும். பழசை எல்லாம் இன்னையோட தலைமுழுகிருங்க."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆட்டுக்கல்லைத் தலையில் ஏற்றினார்கள். நேராகக் கடலுக்குள் நடந்தார்கள்.

"லேய்! வாங்கலே! நான் அந்த அர்த்தத்துல சொல்லலலே!"

கழுத்தளவு தண்ணீரில் நின்று நால்வரும் ஒன்றாக முழுகினார்கள். ஒன்றாக எழுந்தார்கள்.

"தலை லேசா இருக்கே" என்றான் பிலவேந்திரன்.

நனைந்த கோழிகளாகக் கொட்டகைக்குத் திரும்பினார்கள். லெபோன் சொட்டச் சொட்ட உட்கார்ந்து மறுபடியும் கூட்டத்தைத் தொடங்கினார். "பழி தொலைஞ்சுபோச்சு. இப்ப பழியத் தொலைச்ச பழின்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு. அது யாருக்கு? அவங்களுக்குத்தான் சங்கத்துல எடம்."

இந்த முறை ஹில்டா யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. குழவியைக் கீழே போட்டுவிட்டுக் கையை உயர்த்தினாள். "எனக்கு! தலைமுழுகச் சொன்னது நான்! எனக்குத்தான்!"

"கை!" என்று அலறினார் ததேயு. "கை கொடுத்துட்டா! பெனால்ட்டி!"

வருஷம் பூராவும் அனுபவப்பட்டவர்கள், விதி தெரியாதா? பிலவேந்திரன் ஓடிப்போய்க் கொட்டகை வாசலில் காலை அகட்டி நின்றான். லெபோன் அடி அளந்து மண்ணில் புள்ளி வைத்தார். பந்து கைவசம் இல்லாததால் புள்ளியில் குழவியை வைத்தார்கள். சிலுவை பின்னால் போய், சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, முழு வேகத்தில் ஓடிவந்தான்.

"லேய் சிலுவை, உதைக்காதலே!" என்று வீறிட்டாள் ஹில்டா.

சொன்ன சொல் தட்டாத பிள்ளை சிலுவை. வந்த வேகத்தில் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, தலையால் முட்டினான்.