தண்ணி படாத காபி மெஷின்

"பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோட போனா..." என்று எங்கள் பெரியப்பா ஏதோ சொல்வார். போனால் என்ன ஆகும் என்பது எனக்கு மறந்துவிட்டது. நல்லவேளை, காரையேந்தல் ஊர்க்காரர்களுக்கும் முன்பாதிதான் ஞாபகம் இருந்தது. பின்பாதி தெரிந்திருந்தால் அதையும் செய்து முடித்திருப்பார்கள்.

காரையேந்தல் கந்தப்பனுக்குப் பக்கத்து ஊர் வள்ளிக்கண்ணு மேல் ஆசை. அவளுக்கும் சம்மதம். குறுக்கே நின்றவர் அவள் அப்பா மெய்யப்பன். காபியில் குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மாப்பிள்ளை வீட்டுக் காபி சரியில்லை என்று ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்களைத் திருப்பி அனுப்பியவர்.

அதனால் அவருக்கு ஒரு காபி மெஷின் பரிசளிப்பது என்று முடிவாயிற்று. கந்தப்பன், அவன் மச்சான் அய்யாத்துரை, ஊரில் யோசனைக்குப் பேர்போன பொன்னுரங்கம் அண்ணன், மூவரும் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் முதலில் கண்ணாடிக் கூஜா வைத்த மெஷினைக் காட்டினார்.

"வேண்டாம். உள்ள நடக்கிறது வெளியில தெரியுது. சம்பந்தம் பேசற எடத்துல அது ஆகாது" என்றார் பொன்னுரங்கம்.

அடுத்ததில் வரிசையாகப் பொத்தான்கள்.

"எதை முதல்ல அமுக்கணும்னு மாமா கேட்டா?" என்றான் கந்தப்பன், வேர்த்துப்போய்.

மூன்றாவதில் ஒரே பொத்தான். பொன்னுரங்கம் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "தப்பா அமுக்க வழியே இல்லை. இதுதான்."

"காபி போட்டுக் காட்டட்டுமா?" என்றார் கடைக்காரர்.

அய்யாத்துரை அட்டைப்பெட்டியைத் தொட்டுக் காட்டினான். "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு போட்டிருக்கு. இது கடை. நீங்க போடலாமா?"

கடைக்காரர் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு. தண்ணி படாம பாத்துக்குங்க."

மழை வரவில்லை. இருந்தாலும் பெட்டியில் குடைப் படம் போட்டிருந்ததால், பஸ்ஸுக்குள் பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். குடைக்கம்பி இரண்டு முறை கண்டக்டரைக் குத்தியது. "பரிசுப் பொருள்ணே" என்று விளக்கினார்கள்.

மெய்யப்பன் வீட்டுக் கூடத்தில் மெஷினை வைத்தாயிற்று. வள்ளிக்கண்ணு காபித்தூளையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்தாள். தூளை வாங்கிக்கொண்ட கந்தப்பன், சொம்பைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"இதுல தண்ணி படக்கூடாது, வள்ளி. கடைக்காரர் சொல்லியிருக்காரு."

"தண்ணி இல்லாம எப்படிக் காபி போடும்?"

மூவரும் திரும்பி நின்று கலந்து பேசினார்கள்.

"நியாயமான கேள்விதான்" என்றான் அய்யாத்துரை.

"தண்ணி ஊத்தினா கரி அடுப்புகூடத்தான் காபி போடும். அப்புறம் மெஷின் எதுக்கு?" என்றார் பொன்னுரங்கம்.

இதற்குமேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. கந்தப்பன் தூளைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினான். விளக்கு எரிந்தது. மெஷின் கொஞ்சம் உறுமியது. பிறகு விளக்கு அணைந்தது.

"ஆயிடுச்சு" என்றார் பொன்னுரங்கம்.

மெஷினுக்கு அடியில் வைத்திருந்த டம்ளரைக் கந்தப்பன் இரண்டு கையாலும் ஏந்தி, தளும்பாமல் கொண்டுபோய் மெய்யப்பனிடம் நீட்டினான்.

மெய்யப்பன் டம்ளரை உயர்த்தி அண்ணாந்து குடித்தார். சப்புக்கொட்டினார். குறை தேடி நாக்கை வாய்க்குள் ஒரு சுற்று விட்டார்.

"ஆடை கட்டலை" என்றார் மெதுவாக. "நாக்கைச் சுடலை. ஆறியும் போகலை. கசப்பு இல்லை, தண்ணியாவும் இல்லை. சக்கரை கூடப்போச்சுன்னும் சொல்ல முடியாது." அவர் முகத்தில் ஒரு தோல்வி தெரிந்தது. "இத்தனை வருஷத்துல குறை சொல்ல முடியாத காபி இப்பத்தான் குடிக்கிறேன், தம்பி."

வள்ளிக்கண்ணு எட்டிப் பார்த்தாள். "அப்பா, டம்ளர் காலியா இருக்கு."

"குடிச்சா காலியாத்தாம்மா இருக்கும்" என்றார் மெய்யப்பன்.

அவள் கந்தப்பனைப் பார்த்தாள். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மெய்யப்பன் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, ஆவணியில் கல்யாணம் என்றும், பந்திக்கு வரும் அத்தனை பேருக்கும் இந்த மெஷினிலேயே காபி என்றும், பால்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றும் முடிவு செய்தார்.