உப்புப் போட்டாச்சா?

ஏகாம்பர சாமிக்கு நாற்பது வயது. அவருடைய மடத்தில் சமைக்கும் அஞ்சுகத்துக்கு ஐம்பத்தெட்டு. அவரைக் குருவாக வரித்துக்கொண்டு வந்தவள் அவள். அவரோ அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். உபதேசம் செய்யும்போதும் அக்காதான்.

மடம் ஆரணிப் பக்கம் ஒரு மலையடியில் இருந்தது. சின்னதாக ஒரு முருகன் சன்னதி, ஒரு சாப்பாட்டுக்கூடம், இரண்டையும்விடப் பெரிய சமையல்கட்டு. வருகிறவர்கள் ஞானத்துக்காக வருகிறார்களா, அஞ்சுகத்தின் சாம்பாருக்காக வருகிறார்களா என்று சாமிக்கே சந்தேகம் உண்டு.

சமையல்கட்டில் ஒரே ஒரு சட்டம். முருகனுக்குப் படைப்பதற்கு முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. அஞ்சுகத்துக்கு அது சட்டமாகவே தோன்றியதில்லை. கல்லுப்பை அள்ளிப் போட்டால் சரியாகத்தான் இருக்கும். கைப்பழக்கம் அப்படி.

பிறகு அவளுக்கு லூபஸ் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தி உடம்போடு சண்டைக்கு நிற்கும் நோய் என்று டாக்டர் விளக்கினார். முதலில் மூட்டுகள் வீங்கின. வெயில் ஆகாமல் போனது. அடுத்து சிறுநீரகத்தைத் தொட்டது. உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளுக்கு உப்பில்லாத கஞ்சிதான். பிரசாதத்தைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவாள். ஆக, தான் சமைப்பதை அவள் படைப்பதற்கு முன்னும் ருசி பார்ப்பதில்லை, பின்னும் ருசி பார்ப்பதில்லை.

கடைசியில் மறதி வந்தது. பால் பொங்கி வழியும், அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். இந்த நோயில் இதுவும் உண்டு என்றார் டாக்டர்.

சென்னையில் இருக்கும் அவள் தம்பி மகள் கூரியரில் டப்பா டப்பாவாக அனுப்பினாள். வல்லாரை மாத்திரை, வைட்டமின் மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை. எல்லாம் ஞாபக சக்திக்காம். மீன் என்றதும் அஞ்சுகம் சாமியிடம் ஓடினாள்.

"இதுல மீன் இருக்குதாம் சாமி. சாப்பிடலாமா?"

"முருகனைக் கேட்டேன். சமையல்கட்டுக்குள்ள வராம இருந்தா அவருக்கு ஆட்சேபணை இல்லையாம்."

அதனால் மீன் எண்ணெய் டப்பா மட்டும் விறகுக் கொட்டகை ஜன்னலில் குடியிருந்தது.

ஒரு மாதம் போனது. அஞ்சுகம் பந்தி முடிந்ததும் இலைகளைப் பார்ப்பாள். ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. குறை சொன்னவர் ஒருவரும் இல்லை. பால் பொங்கி வழிவது என்னவோ நிற்கவில்லை. ஆனாலும் சமையலில் பிழை இல்லை என்றால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

"தலை தெளிஞ்சிருச்சு சாமி" என்றாள்.

"சந்தோஷம் அக்கா" என்றார் சாமி. சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஆனி மாதத்தில் ஒருநாள், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கச் செய்யாற்றிலிருந்து ஒருவர் வந்தார். மடத்துக்குப் புதியவர். பந்தியில் உட்கார்ந்து ஒரு கவளம் வாயில் வைத்தவர் நிமிர்ந்தார்.

"என்னம்மா, சாம்பார்ல உப்பைக் கொட்டிட்டீங்களா? வாயில வைக்க முடியல."

பந்தி அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த பெரியவர், மடத்துக்குத் தினமும் வருகிறவர், அவரை முழங்கையால் இடித்தார். "நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

அஞ்சுகம் தம்ளர்களைப் பார்த்தாள். எல்லாம் காலி. கொஞ்ச நாளாகவே எல்லோரும் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெயில் காலம் என்று நினைத்திருந்தாள். சாமியின் தம்ளரும் காலியாகத்தான் இருந்தது.

பந்தி எழுந்ததும் டப்பாக்களை எல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு அவள் சாமி முன் போய் நின்றாள்.

"எத்தனை நாளா சாமி?"

"பொங்கல் கழிஞ்சதுல இருந்து."

"தினமுமா?"

"தினமும் இல்ல. சில நாள் உப்பே இருக்காது. அன்னிக்கு ஊறுகாய் கொஞ்சம் கூடச் செலவாகும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அடுப்ப விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயம். எல்லாருக்கும்தான். பெரியவர்தான் முதல்ல சொன்னாரு, அவ மனசு நோகக் கூடாதுன்னு."

"நான் மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சேன் சாமி. இலையப் பாத்துத்தான் நெனச்சேன்."

சாமி தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை பேரும் அவள்மேல் பிரியம் வைத்து, அந்தப் பிரியத்தாலேயே அவளை ஏமாற்றியிருந்தார்கள்.

"இந்த மாத்திரைய எப்படிப் போடுறீங்க?"

"காலையில ஒண்ணு. தலை மந்தமா இருந்தா ரெண்டு." அவள் தயங்கினாள். "போட்டேனா இல்லையான்னு மறந்துபோயி, மறுபடியும் போட்டிருக்கேன்."

"ஞாபகத்துக்குப் போடுற மாத்திரையவா?"

"ஆமா."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சாமிதான் முதலில் நிறுத்தினார்.

"டாக்டருக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது. திட்டுவாரு."

அவள் டப்பாக்களைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சாமி, தியானம்னு உக்காந்தா நான் தூங்கிடுறேன். பாட்டுப் பாடுனா பாதியில நின்னுடுது. எனக்கு வாய்ச்ச பூசை அடுப்பு ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் இங்க எதுக்கு? எதைச் சாப்பிட்டா நெனப்பு நிக்கும்? நீங்க சொல்லுங்க, வேப்பங்கொட்டையா இருந்தாலும் மெல்லுறேன்."

"நாளைக்குச் சொல்றேன்."

அதிலேயே பதில் இருப்பதாக அஞ்சுகம் எடுத்துக்கொண்டாள். வேறு ஆள் பார்க்கப் போகிறார். மறுநாள் காலையில் சமையல்கட்டைக் கழுவித் துடைத்தாள். புதிதாக வருகிறவர் தேட வேண்டாம் என்று பருப்பு, புளி, மிளகாய் டப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்தாள். அழவில்லை. அழுதால் கை ஓடாது.

அடுப்பு மூட்டும் நேரத்தில் சாமி வந்தார். கூட யாரும் இல்லை. குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தவர் ஒரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தார்.

அஞ்சுகம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"இது சாம்பாருக்கா, மாட்டுக்கா?"

"சும்மா இருக்கேனேன்னு பார்த்தேன்."

"சும்மாவே இருங்க."

சாம்பார் கொதித்தது. சாமி கேட்டார்.

"உப்புப் போட்டாச்சா அக்கா?"

அவள் உப்பு ஜாடியைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். எப்போதும் போல ஆச்சு என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை.

"தெரியல சாமி."

அந்தச் சமையல்கட்டில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாமி கரண்டியை எடுத்தார். சாம்பாரில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, ஊதி, குடித்தார்.

அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "இன்னும் படைக்கலையே சாமி."

"உப்பு இல்ல. போடுங்க."

அவள் போட்டாள். அவர் மறுபடியும் கையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம்."

"ருசி பாத்தத எப்படி முருகனுக்கு வைக்கிறது? சட்டம் போட்டதே நீங்கதான்."

"இத்தனை நாளும் அவருதான் முதல்ல சாப்பிட்டாரு. ஒரு நாளாவது உப்புக் கரிக்குதுன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல."

"நானும் சொல்லல. உப்பு சரியான்னு அவரை நீங்க கேக்க முடியாது. என்னை நீங்க கேக்கலாம்."

அன்று அதையே படைத்தார்கள். பந்தியில் பெரியவர் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டார். தண்ணீர் கேட்கவில்லை. அஞ்சுகம் அதைக் கவனித்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றாள். சந்தோஷம்தான். கூடவே வெட்கமும் இருந்தது.

சாயங்காலம் டப்பாக்களோடு மறுபடி வந்தாள்.

"இதையெல்லாம் கொட்டிடட்டுமா சாமி?"

"ஏன் கொட்டணும்? நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். எல்லாத்தையும் எடுத்துக்குங்க. கொட்டகையில இருக்குற மீனையும்தான்."

"திட்டுவாரு."

"நானும் கூட வரேன். பாதித் திட்டு எனக்கு."

"போடலாம்னு சொன்னா?"

"அவரு சொன்ன அளவு போடுங்க."

"வேணாம்னு சொன்னா?"

"விட்டுடுங்க."

அவள் டப்பாக்களை முந்தானையில் முடிந்துகொண்டாள். கிளம்பியவள் வாசல்படியில் நின்றாள். கேட்க வந்தது இன்னும் பாக்கி இருந்தது.

"எல்லாம் பண்ணியும் நெனப்பு திரும்பி வரலைன்னா சாமி?"

"உப்ப நான் பாத்துக்குறேன். நீங்க சமைங்கக்கா."