தோளில் இருந்த தடம்

“அந்தப் பொண்ணு போகமாட்டேங்குது மதர்.”

கன்னியர் மடத்தில் புதிதாகச் சேர்ந்த ஜெனோவா, மருந்தறை வாசலில் நின்று முறையிட்டாள்.

மதர் எமரன்சியா நிமிரவில்லை. “எந்தப் பொண்ணு?”

“பிரகாசி. அவ பையனுக்கு சிரப் கொடுத்தேன், காய்ச்சல் இறங்கிடுச்சு. பையன் அழக்கூட இல்லை, அவ்வளவு அடக்கம். படமும் கொடுத்துட்டேன்.”

அழாத பிள்ளைக்கு ஒரு புனிதர் படம். மடத்து மருந்தகத்தில் அது வழக்கம்.

“அப்புறம் ஏன் போகலையாம்?”

“பையன் கடிக்கலையாம்.”

மதர் எழுந்துவிட்டார்.

பெஞ்சின் ஓரத்தில் பிரகாசி. மடியில் குழந்தை டெனிஸ். அவன் விரல்களுக்கு நடுவே படம் சும்மா கிடந்தது.

“என்னம்மா?”

“பைத்தியம்னு நினைக்காதீங்க மதர். இவன் கையில எது கிடைச்சாலும் வாய்க்குத்தான் போகும். தூக்கினா என் தோளைக் கடிப்பான். நேத்துகூட, ‘சனியனே, விடுடா’ன்னு திட்டினேன்.”

முந்தானையை விலக்கினாள். இரண்டு சின்னப் பற்களின் தடம்.

“காலையிலேருந்து கடிக்கல. பால் குடிக்கல. கண்ணு திறந்திருக்கு, என்னைத்தான் பார்க்கல.”

“தூக்கக் கலக்கம் மதர்” என்றாள் ஜெனோவா.

மதர் படத்தை எடுத்துப் பையனின் உதட்டில் வைத்தார்.

உதடு அசையவில்லை. படம் நழுவித் தரையில் விழுந்தது.

மதர் அவன் பாதத்தைத் தொட்டார். பிறகு ஜெனோவாவின் கையை இழுத்து அதே பாதத்தில் வைத்தார்.

“ஜில்லுன்னு இருக்கே மதர்... நான் நெத்தியை மட்டும்தான்...”

“ஜீப் எடுக்கச் சொல்லு. ஓடு.”

மடத்தில் யாரும் ஓடக்கூடாது.

ஜெனோவா ஓடினாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: “ரத்தத்துல கிருமி பரவியிருக்கு. மருந்து ஏறுது. பார்க்கலாம்.”

பிரகாசி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

வார்டில் மற்ற பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். தூக்கமில்லாமல் சலித்துக்கொண்ட அவர்களுடைய அம்மாக்களை அவள் ஏக்கத்தோடு பார்த்தாள்.

குளிக்கும்போது தோளைத் தேய்க்கவில்லை. ஆனாலும் தடம் மங்கிக்கொண்டே வந்தது.

மடத்தில் ஜெனோவா கேட்டாள்: “மதர், நான் என்ன கேட்டு ஜெபிக்கணும்?”

“எனக்கென்ன தெரியும்? அவளைக் கேளு.”

ஜெனோவா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டாள்.

பிரகாசி முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள்.

அங்கே ஒன்றுமில்லை.

பிறகொரு நாள் காலை ஜெனோவா வார்டுக்குள் நுழைந்தபோது, உள்ளேயிருந்து ஒரு அலறல். நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டாள்.

“யப்பா, என்ன தொண்டை!”

டெனிஸ்தான். ஊசி போட்ட கையை உதறிக்கொண்டு அலறினான். பிரகாசி அவனை வாரித் தூக்கினாள். அலறல் சட்டென்று நின்றது.

“ஸ்ஸ்... ஆ!” என்றாள் பிரகாசி.

ஜெனோவா பதறி ஓடி, அவன் தாடையைப் பிடித்து விலக்கப் போனாள்.

“கையை எடுங்க சிஸ்டர்.”

பிரகாசியின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அவன் தலையைத் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

“விடாதடா.”