ஆமை கீறாத கோடு

நெட்டிக்குளத்துக் காட்டில் முதல் மழைக்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. முதல் நாள் உடம்பு கொதிக்கும். மூன்றாம் நாள் வாயெல்லாம் புண். அதன்பிறகு சிலர் எழுந்து மேயப் போனார்கள். சிலர் எழவே இல்லை.

முள்ளி என்ற முள்ளம்பன்றிக்குக் காய்ச்சல் வரவில்லை. சந்தேகம் வந்தது. அது அவள் பிறவிக் குணம். வழியில் பழம் கிடந்தால், "யார் போட்டது?" என்பாள். பழம் இல்லாவிட்டால், "யார் எடுத்தது?" என்பாள்.

"ஒருநாள் உன் நிழலைப் பார்த்தே முள்ளைச் சிலிர்க்கப் போற" என்று அவள் புருஷன் கூரன் சிரிப்பான்.

"சிலிர்த்தா என்ன? சிலிர்த்ததாலதான் இன்னும் உசிரோட இருக்கோம்" என்பாள் முள்ளி.

காய்ச்சலோடு காட்டில் இரண்டு வைத்தியர்களும் முளைத்திருந்தார்கள்.

ஒருவன் கீரி. முள்ளியின் வளைக்கு அடுத்த வளைக்காரன். ஏதோ ஒரு பச்சிலையைப் பாறையில் வைத்து நசுக்கிச் சாறு எடுத்தான். "பாம்போட மல்லுக்கு நின்னு பிழைக்கிற குடும்பம் எங்களது! எங்க வீட்டு இலை பொய் சொல்லாது!" என்றான்.

மற்றவன் நரி. காட்டோரத்தில் மனிதர்கள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டுப் போன இடத்தில் ஒரு தகரப் பெட்டியைக் கண்டெடுத்திருந்தான். உள்ளே வெள்ளை மாத்திரைகள். "இது மண்ணுல முளைச்சது இல்லை. மனுஷன் அளந்து, கலந்து, காய்ச்சிச் செஞ்சது! சும்மாவே தரேன், வாங்கிக்குங்க!" என்றான்.

காடு இரண்டாகப் பிரிந்தது. இலைக்காரர்கள் புளியமரத்தடியில் கூடினார்கள். மாத்திரைக்காரர்கள் புற்றுமேட்டில் கூடினார்கள். ஒரே குட்டையில் புரண்ட பன்றிகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.

ஒருநாள் காலையில் கீரி தன் சாட்சிகளைக் குளக்கரைக்கு அழைத்து வந்தான். ஒரு காட்டுப்பன்றி, இரண்டு மயில்கள், ஒரு புள்ளிமான்.

"சொல்லுங்க! என்ன குடிச்சீங்க?"

"இலைச்சாறு!"

"இப்ப எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம்!"

உடனே நரியும் தன் சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் பக்கம் ஐந்து பேர். அவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

முள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கீரித் தம்பி, உன் சாற்றைக் குடிச்சும் செத்தவங்க எங்கே?"

"அவங்க எப்படி அக்கா வருவாங்க? செத்துட்டாங்களே!"

"அதைத்தான் கேட்கிறேன். பிழைச்சவங்களை மட்டும் கூட்டிட்டு வந்தா எந்த மருந்தும் நல்ல மருந்துதான். செத்தவங்களை யார் எண்ணுறது?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழட்டு மிளாமான் கனைத்தது. "எனக்கும் காய்ச்சல் வந்தது. நான் ரெண்டையும் குடிக்கலை. குளத்துத் தண்ணியைத்தான் குடிச்சேன். இதோ நிற்கிறேன்."

நரி வாலைச் சுழற்றிக்கொண்டு சிரித்தான்.

முள்ளி அவன் பக்கம் திரும்பினாள். "உன் மேலதான் எனக்குப் பெரிய சந்தேகம். கீரியாவது ஒரு தடவைக்கு ஒரு முட்டை வாங்கிக்கிறான். நீ ஏன் சும்மா தரே? பிழைச்சா உனக்குப் பேர். செத்தா உனக்குச் சாப்பாடு. எப்படிப் பார்த்தாலும் உன் வயிறு நிறையும்!"

"காய்ச்சல்ல செத்த கறி கசக்கும் அக்கா! எனக்கும் நாக்கு இருக்கு!" என்றான் நரி.

எல்லோரும் சிரித்தார்கள். முள்ளி சிரிக்கவில்லை.

"அப்ப சோதிச்சுப் பார்ப்போம். மூணு விளாம்பழ ஓடு. ஒண்ணுல இலைச்சாறு. ஒண்ணுல மாத்திரை கரைச்ச தண்ணி. ஒண்ணுல வெறும் குளத்துத் தண்ணி. மூணுலயும் ஒரே அளவு சேற்றைக் கலந்துடணும். நிறமும் தெரியக்கூடாது, ருசியும் தெரியக்கூடாது. எந்த ஓட்டுல எதுன்னு ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியணும்."

"வெறும் தண்ணியைக் குடிச்சிட்டுச் சாகணுமா?" என்று ஒரு குரங்கு கத்தியது.

"உங்க மருந்து ரெண்டும் தண்ணியைவிட மேல்னு உனக்கு யார் சொன்னது?"

இஷ்டப்பட்டவர்கள் மட்டும் வந்தால் போதும், மூன்றில் ஒன்று வெறும் தண்ணீர் என்பதை எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்த ரகசியத்தை யாரிடம் கொடுப்பது? ஆமையிடம் கொடுத்தார்கள். ஆமை பெரிய அறிவாளி என்பதால் அல்ல. கேட்கக்கூடாததைக் கேட்டால் அவர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். ஓட்டின் முகத்தைப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆமை தன் முறையைச் சொன்னார். "நாளை விடிஞ்சதும் வரிசையில் வாங்க. முதல் ஆளுக்கு முதல் ஓடு. இரண்டாம் ஆளுக்கு இரண்டாம் ஓடு. மூன்றாம் ஆளுக்கு மூன்றாவது. நாலாம் ஆளுக்கு மறுபடியும் முதல் ஓடு. மூணு நாள் குடிக்கணும், மூணு நாளும் அதே வரிசை, அதே ஓடு. யார் யார் எந்த ஓட்டில் குடிச்சாங்க, யார் பிழைச்சாங்க, யார் போனாங்க, எல்லாத்தையும் இந்தக் களிமண்ணில் கோடு கீறி வைப்பேன்."

"செத்தவங்களுக்கும் கோடு உண்டுதானே?" என்றாள் முள்ளி.

"அவங்களுக்குத்தான் முதல் கோடு."

முள்ளி நிறைவோடு வளைக்குத் திரும்பினாள். உள்ளே கூரன் சுருண்டு கிடந்தான்.

"என்னங்க?"

"குளிருது" என்றான் கூரன்.

அவள் அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

விடிந்ததும் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கூரன் பதினாறாவது ஆள். அவனுக்குப் பின்னால் பதினேழாவதாக ஒரு வயதான முயல், காதுகள் தொங்க, நடுங்கிக்கொண்டு நின்றாள். முள்ளி கூரனின் பக்கத்தில் நின்று அவனைத் தாங்கிக்கொண்டாள்.

ஆமை ஓடுகளைத் தாமரை இலைகளால் மூடி வைத்திருந்தார். சேற்று நாற்றம்தான் அடித்தது. ஆனால் முள்ளம்பன்றியின் மூக்கு மண்ணுக்கு அடியில் கிடக்கும் கிழங்கையே மோப்பம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் தாமரை இலை விலகும்போது முள்ளி மூச்சை இழுத்தாள். முதல் ஓட்டில் சேறு. மூன்றாவதில் சேறு. இரண்டாவதில் சேற்றுக்கு அடியில், மிக மெல்லியதாக, கீரியின் வளையிலிருந்து தினமும் வருகிற அந்தப் பச்சை வாசனை.

அவள் எண்ணினாள். பதினைந்தாம் ஆளோடு மூன்றாவது ஓடு முடியும். பதினாறாம் ஆளுக்கு முதல் ஓடு. அதில் வெறும் தண்ணீர் இருக்கலாம். இல்லையென்றால் நரியின் மாத்திரை இருக்கும். அந்தப் பல்லிளிப்பு அவள் கண்முன் வந்தது.

கீரியை அவளுக்குத் தெரியும். பக்கத்து வளைக்காரன். மழையில் வளை இடிந்தபோது மண் தள்ளிக் கொடுத்தவன்.

சோதனை மற்றவர்களுக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"முயலக்கா, நீங்க முன்னால போங்க" என்றாள்.

"ஐயோ வேண்டாம்மா. உன் வீட்டுக்காரருக்கும் முடியலையே."

"அவர் இன்னும் கொஞ்சம் நிற்பார். நீங்க பெரியவங்க. போங்கக்கா."

முயல் கண் கலங்க முன்னால் போனாள். "முள்ளிக்கு இப்படியும் ஒரு மனசா!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஆமை கழுத்தை நீட்டி ஒரு கணம் முள்ளியைப் பார்த்தார். பிறகு முயலுக்கு முதல் ஓட்டை நகர்த்தினார். கூரனுக்கு இரண்டாவது ஓட்டை நகர்த்தினார்.

மூன்று நாளும் அதே வரிசைதான்.

நாலாம் நாள் கூரனின் வாய்ப்புண் ஆறத் தொடங்கியது. "பார்த்தீங்களா! கீரி வீட்டு இலை!" என்றாள் முள்ளி. ஒரு கிழங்கைத் தோண்டி வந்து மென்று கொடுத்தாள். கூரன் இரண்டு வாய் தின்றான். ஆனால் சூடு இறங்கவில்லை. ஆறாம் நாள், "யாரோ வெளியே நிற்கிறாங்க, பாரு" என்றான். அவள் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. திரும்பி வந்தபோது அவனும் இல்லை.

ஏழாம் நாள் காடு முழுவதும் குளக்கரையில் கூடியது. முள்ளியும் வந்தாள். அவள் முட்கள் படிந்து கிடந்தன.

ஆமை களிமண் கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மூன்றாம் ஓடு வெறும் தண்ணி. குடிச்சவங்க பத்து. போனவங்க நாலு. இரண்டாம் ஓடு இலைச்சாறு. குடிச்சவங்க ஒன்பது. போனவங்க நாலு. முதல் ஓடு மாத்திரை. குடிச்சவங்க ஒன்பது. போனது ஒருத்தர்."

"ஆகா! மனுஷன் மருந்தே மருந்து!" என்று நரி குதித்தான்.

"குதிக்காதே" என்றார் ஆமை. "உன் மாத்திரை சூட்டை இறக்குச்சு, புண்ணை ஆற்றலை. குடிச்சவங்க வாய்ப்புண்ணோட இன்னும் பட்டினி கிடக்கிறாங்க. இலை புண்ணை ஆற்றுச்சு, சூட்டை இறக்கலை. அவ்வளவுதான் இந்தக் களிமண்ணுக்குத் தெரியும். அடுத்த காய்ச்சலுக்கு ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கணும். அதையும் சோதிச்சுத்தான் சொல்லணும்."

கீரி தலையைக் குனிந்துகொண்டான்.

குரங்கு விரல்விட்டு எண்ணியது. "பத்து, ஒன்பது, ஒன்பது. இருபத்தெட்டு! முப்பது பேர் நின்னோமே, ரெண்டு பேர் எங்கே?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்வார் என்றுதான் முள்ளி நினைத்தாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேர் இடம் மாறி நின்னாங்க. ஆள் பார்த்து ஓட்டைத் தேர்ந்தெடுத்தா அது சோதனை இல்லை. அதனால அந்த ரெண்டு பேரையும் நான் சேர்க்கலை."

முள்ளி களிமண்ணின் அருகே போனாள். நீளமாகவும் குட்டையாகவும் நிறையக் கோடுகள் இருந்தன.

"என் வீட்டுக்காரருக்கு..." என்றாள்.

"கோடு இல்லை முள்ளி."

"செத்தவங்களுக்குத்தான் முதல் கோடுன்னு சொன்னீங்களே!"

"முறையா வந்து செத்தவங்களுக்கு. இவரை இலையில் போட்டா இலைக்குக் கெட்ட பேர் ஒண்ணு கூடும். மாத்திரையில் போட்டா பொய். எங்கே கீறுறது, நீயே சொல்லு."

முள்ளி கோடுகளிலிருந்து பின்னால் நகர்ந்தாள்.

அப்போது கூட்டத்திலிருந்து அந்த வயதான முயல் தத்தித் தத்தி வந்தாள். வாயில் இன்னும் புண். ஆனால் காதுகள் நிமிர்ந்திருந்தன. ஒரு புல்லுக்கட்டை முள்ளியின் முன்னால் வைத்தாள்.

"அன்னிக்கு உன் வீட்டுக்காரர் இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தியே, தாயி! அந்த ஓட்டுலதான் எனக்கு உசிர் வந்தது. நீ நல்லா இருக்கணும்!"

முள்ளி புல்லைப் பார்த்தாள். முயலைப் பார்த்தாள். அவளைப் பார்த்துச் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவர், தனக்குப் பிடித்துப்போனதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.