முள்ளன் வைத்த நாலே நாலு புள்ளி

ஆறு குறுக்கே ஓடும் ஒரு காட்டில் முள்ளன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். அவன் மனைவி சொக்கியைப் போன மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து எந்தக் கிழங்கும் அவன் தொண்டையில் இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று உண்டு, குழந்தைகளே. நாளுக்கு நாள் சொக்கியின் முகம் அவனுக்கு மறந்துகொண்டே வந்தது.

"முழுக்க மறப்பதற்குள் வரைந்து வைத்துவிடுகிறேன்!" என்று உதிர்ந்த முள் ஒன்றை எடுத்தான். நாவல் பழச்சாற்றில் தோய்த்து, வெள்ளைப் பாறையில் புள்ளி புள்ளியாகக் குத்தினான். நிழல் விழும் இடத்தில் நெருக்கி வைத்தான். வெளிச்சம் விழும் இடத்தை அப்படியே விட்டான்.

பழக்காலம் முடியும் நேரத்தில் ஒரு நாள், மரத்திலிருந்து காக்கை கத்தியது.

"அண்ணே! அண்ணி வந்துவிட்டார்கள்!"

"எங்கே? எனக்கு வெறும் புள்ளிதானே தெரிகிறது?"

"மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தால் அப்படித்தான். அந்த மேட்டிலிருந்து பாருங்கள்."

முள்ளன் மேடேறித் திரும்பினான். பாறையில் சொக்கி! அதே சின்னக் கண், அதே கோணல் மூக்கு. அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

"கன்னம்தான் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. நாலே நாலு புள்ளி வைத்தால் உயிரோடு எழுந்து வந்துவிடுவாள்!"

"வேண்டாம் அண்ணே. அந்த வெள்ளையில்தான் அண்ணியின் சிரிப்பே இருக்கிறது."

"அவளோடு குடித்தனம் நடத்தியது நானா, நீயா?"

ஆசைக்கு அளவேது! நாலு புள்ளி நாற்பதாயிற்று, நாற்பது நானூறாயிற்று. பாறையை ஒட்டி உட்கார்ந்திருந்தால் அவள் பக்கத்திலேயே இருப்பதுபோல் இருந்தது. எழுந்து மேட்டுக்குப் போக மனமே வரவில்லை. காக்கை கத்திக் கத்தி ஓய்ந்தது.

கடைசிப் பழமும் தீர்ந்த பிறகுதான் முள்ளன் மேடேறினான். பாறையில் ஒரு கறுப்புத் திட்டுதான் இருந்தது. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். நாவல் கறை போகுமா?

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். அங்கேயும் அந்தக் கறுப்புத்தான் வந்தது.

"காக்கையே, நீ பார்த்தாயே! அவள் முகம் எப்படி இருந்தது? சொல்லேன்!" என்று கெஞ்சினான்.

"சிரித்தபடி இருந்தது, அண்ணே" என்றது காக்கை. அதற்குமேல் அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

நீதி: போதும் என்று நிறுத்தத் தெரியாத ஆசை, கைக்குக் கிடைத்ததையும் பறித்துவிடும்.